கடைசி மணித்தியாலம்

உப்பு மட்டும் எந்தப் பிரேக்கரையும் கெடுத்துவிடாது. அதற்கு ஈரம் வேண்டும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அதற்குக் கீழே அது வெறும் தூசி. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மின்வேலை செய்கிறவன் இந்த ஓர் எண்ணை வைத்தே ஆண்டு முழுவதையும் விளங்கிக்கொள்ளலாம். வாடைக்காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவந்து உபகரண அறைக்குள் படியவிடும். கச்சான் காற்று தொடங்கியதும் அது மண் தூசியோடு சேர்ந்து காய்ந்து கிடக்கும். ஆடி மாதம் பனலைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவு, அந்தத் தூசிப்படை ஈரம் பிடித்துச் செப்பைத் தின்னத் தொடங்கும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெளிப்பட்டவை. உருவானது அதற்கு வெகு முன்னால்.

என் தொழில் தொலைத்தொடர்பு அறைகளின் மின்சாரம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் கிழக்கில் கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்கள் வேகமாக எழும்பின. உவர்மலை, சீனக்குடா, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கோபுரம் நின்ற இடமெல்லாம் அடியில் ஒரு சின்ன அறையோ இரும்புக் கூடோ இருந்தது. அதற்குள்ளே நிற்கும் றாக்கில் ஆக மேலே பூட்டப்படுவதுதான் பிரேக்கர் பனல். வெளியாட்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் கவலை முழுவதும் உள்ளே இருக்கிற இந்தப் பெட்டியில்.

அதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சார சபையின் 230 வோல்ற் ஏசி, றெக்ரிபையருக்குள் போய் டிசியாக வெளிவரும். பெயரளவில் அது 48 வோல்ற். பற்றரி நிரம்பியிருக்கும்போது உண்மையில் ஓடுவது 54 வோல்ற் அளவில். பற்றரிகளும் அதே கம்பியில் தொங்கும், ஆகவே கறண்ட் போனாலும் உபகரணங்களுக்கு அது தெரியாது. அந்த மின்சாரத்தைப் பகிர்ந்து, ஒவ்வொரு உபகரணத்துக்கும் தனித்தனிப் பிரேக்கர் வழியாக அனுப்புவது பனல். றாக்கின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீற்றர். உயரம் 44.45 மில்லிமீற்றர் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த நாட்டில் செய்த பனலானாலும் இந்த அளவில் வந்து பொருந்திவிடும்.

புதிதாக வேலைக்கு வருகிற பொடியன்கள் முதலில் குழம்புவது, நேர்முனை எர்த் ஆகியிருப்பதைப் பார்த்து. வாகனப் பற்றரியில் பழகியவனுக்கு அது தலைகீழ். ஈரமான இடத்தில் செப்பிலிருந்து மின்னோட்டம் வெளியே கசிந்தால் செப்பு கரைந்துபோகும். செப்புக் கம்பியை மண்ணை விட எதிர்முனையில் வைத்தால் கசிவு உள்நோக்கி வரும், செப்பு தப்பும். மண்ணுக்குள் கேபிள் புதைத்த பழைய தொலைபேசிக்காரர்கள் கண்ட வழி அது. உப்பு நிலத்தில் வேலை செய்கிற எனக்கு அந்தத் தெரிவின் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

எனக்குத் தொழில் பழக்கியவரை நாங்கள் ஃபோர்மன் ஐயா என்றே கூப்பிடுவோம். பனல் பூட்டுகிற நாளில் அவர் பிரேக்கர் பெட்டியை உடைக்கவே விடமாட்டார். "தம்பி, பிரேக்கரைப் பிறகு பார். வயர் வந்து சேருற இடத்தை முதல்ல பார்" என்பார். கேபிளை வெட்டி, தகரப்பூச்சுப் பூசிய செப்பு லக்கைப் போட்டு, ஹைட்ரோலிக் அமுக்கியால் நசுக்கி, ஒன்றிரண்டை மாதிரிக்குக் குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்லுவார். அறுத்த முகத்தில் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த அச்சு அந்த லக்குக்குப் பொருந்தவில்லை என்று பொருள். ஒரே கட்டிச் செப்பாகத் தெரிய வேண்டும். இழைகளுக்கிடையில் இருக்கிற வெளிதான் உப்பீரம் புகுகிற வாசல். இடுக்கியால் நசுக்கி, மேலே ரேப் சுற்றி விடுகிற வேலையை உலர்ந்த ஊர்களில் ஒருவேளை மன்னிக்கலாம். துறைமுகத்தில் அதற்கு இரண்டு வாடைக்கு மேல் ஆயுள் இல்லை.

போல்ட்டை முறுக்குவதற்கும் அளவு உண்டு. பனலோடு வருகிற தாளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்கு என்று எழுதியிருக்கும். அளவு காட்டும் ஸ்பனரால் அந்த அளவுக்கு இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் பெயின்ற் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அடுத்த வருடம் போகும்போது கோடு முறிந்திருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது. கைப்பலத்தை நம்பி மேலும் மேலும் இறுக்குகிறவர்கள் செப்பை நசுக்கித் தளர்வுக்கு வழி செய்கிறார்கள். பகலில் சூடேறி விரிந்து இரவில் சுருங்குகிற உலோகம் நசுங்கினால், பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது.

இணைப்பு நன்றாயிருக்கிறதா என்று அறிய மில்லிவோல்ற் அளவைப் போல எளிய வழி வேறில்லை. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றரின் ஒரு முனையை லக்கிலும் மறுமுனையை அது பூட்டிய தகட்டிலும் வைக்க வேண்டும். 40 அம்பியர் ஓடுகிற இணைப்பில் 10 மில்லிவோல்ற் காட்டினால் அங்கே 0.4 வொட் சூடு பிறக்கிறது, காற்று அதை வாங்கிக்கொள்ளும். அதே இடத்தில் 100 மில்லிவோல்ற் என்றால் 4 வொட். நகத்தளவு இடத்தில் 4 வொட் இரவும் பகலும் எரிந்தால் பக்கத்து பிளாஸ்ரிக் முதலில் மஞ்சளாகும், பிறகு கறுக்கும். கையில் பிடிக்கிற வெப்பமானி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் மினுங்குகிற செப்பு வெப்பத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் நான் இன்னும் மில்லிவோல்ற்றையே நம்புகிறேன்.

பாலங்கள் வருவதற்கு முந்தைய நாட்களையும் இங்கே சொல்ல வேண்டும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்ரோபரில். அதற்கு முன் லொறி, 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். மூதூர்ப் பக்கம் போனால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் காத்துக் கிடக்க வேண்டும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று ஏறத்தாழ 30 கிலோ. நாலைத் தொடராகப் பூட்டினால்தான் 48 வோல்ற், ஓர் அறைக்கு இப்படிப் பல வரிசைகள். சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றையும் இறக்கிக் காட்டி, கடிதம் காட்டி, மறுபடி ஏற்றிப் பாதைக்கு வந்தால் பாதை அக்கரையில் நிற்கும். ஒரு பிரேக்கரை மறந்துவிட்டுப் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான். புறப்படுமுன் சாமான்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் எங்கள் கூட்டத்துக்கு அந்தத் துறைகளில் வந்தது.

இனி 2022க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த வருடம் எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. மின்வெட்டு மணிக்கணக்காக நீண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்கவில்லை. அதுவரை அரைமணி, ஒருமணி மட்டும் சுமை தாங்கிப் பழகிய பற்றரிகள் அடிமட்டம் வரை இறங்கின. அப்போது, வருடக்கணக்காக அசையாமல் கிடந்த பிரேக்கர்கள் விழத் தொடங்கின. எங்கும் ஷோர்ட் இல்லை. உபகரணத்திலும் பழுது இல்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் கறண்ட் வந்துவிடும். பிரேக்கரைத் தூக்கிவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

முடிச்சை அவிழ்த்தது ஓர் அறையின் காவலாளி. வயதானவர், எல்லாவற்றையும் கொப்பியில் நேரத்தோடு குறித்துவைப்பவர். "சேர், கறண்ட் போன உடன இது விழுறதில்ல. கனநேரத்துக்குப் பிறகுதான் விழுது. விழுற நேரம் அறைக்குள்ள நிக்க ஏலாது, அவ்வளவு வெக்கை" என்றார். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது வரிக்கு வரி சரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது. ஒரு பிரேக்கரில் 1,700 வொட் சுமை என்று வைப்போம். தொலைத்தொடர்பு உபகரணம் தனக்கு வேண்டிய வலுவைக் குறைத்துக்கொள்ளாது, வோல்ற் இறங்கினால் அம்பியரைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். 54 வோல்ற்றில் அது இழுப்பது 31.5 அம்பியர். பற்றரி வடிந்து 44 வோல்ற்றுக்கு இறங்கும்போது 38.6 அம்பியர். தொடர்ந்து ஓடுகிற சுமை பிரேக்கரின் அளவில் 80 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. 40 அம்பியர் பிரேக்கருக்கு அது 32. கையளிக்கிற நாளில் 54 வோல்ற்றில் அளந்தால் இந்தப் பனல் பரீட்சையில் தேறிவிடும். மின்வெட்டின் கடைசி மணித்தியாலத்தில் தேறாது.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. கறண்ட் இல்லாவிட்டால் குளிரூட்டி இல்லை. கச்சான் மாதத்தில் மூடிய இரும்புக் கூடு 50 பாகையைத் தொடுவது அதிசயமில்லை, றாக்கின் உச்சியில் இருக்கிற பனலுக்கு மற்றவற்றைவிட அதிகச் சூடு. வெப்பவகைப் பிரேக்கருக்குள் இருக்கிற ஈருலோகத் தகடு, தன் மின்னோட்டச் சூட்டையும் அறையின் சூட்டையும் பிரித்தறியாது. 30 பாகையில் அளவுபார்த்த 40 அம்பியர் பிரேக்கர் 50 பாகையில் ஏறத்தாழ 36 அம்பியருக்கே தகும். இடைவெளியில்லாமல் ஒட்டிப் பூட்டியவை ஒன்றையொன்று சூடாக்குவதால், தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் அதற்கு மேலும் ஐந்திலொரு பங்கு அளவில் கழிக்கச் சொல்கின்றன. மிஞ்சுவது 29 அம்பியர். அதன்மேல் 38.6 ஓடினால் அது சிறிது நேரம் தாங்கி, பிறகு விழும். விழவேண்டும் என்றே செய்யப்பட்டது அது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வருகிற யோசனை ஒன்று உண்டு. "பெரிசா ஒண்டைப் போட்டுவிடுங்கோ, விழாது." பொறுப்பில் இருந்த ஒருவர் தொலைபேசியில் என்னிடம் இப்படித்தான் சொன்னார். அவருடைய அவசரம் எனக்கு விளங்கியது, ஊரே தொடர்பில்லாமல் கிடந்தது. ஆனாலும் நான் மறுத்தேன். பிரேக்கர் காப்பது முதலில் கேபிளை. 40க்குக் கணக்குப் பார்த்துப் போட்ட கேபிளின் தலையில் 63ஐ வைத்தால், அடுத்த தடவை சூடேறி உருகப்போவது கேபிள். அதற்குப் பின்னால் நிற்பது ஆயிரக்கணக்கான அம்பியரை ஒரே நொடியில் கொட்டக்கூடிய பற்றரி வரிசை. நாங்கள் செய்தது வேறு. வெறுமையாகக் கிடந்த இடங்களில் புதுப் பிரேக்கர் பூட்டிச் சுமையை இரண்டாகப் பிரித்தோம், புதுக் கேபிள் இழுத்தோம், கனத்த சுமைகளுக்கிடையில் ஓர் இடம் வெறுமையாக விட்டு மூடித்தகடு போட்டோம். மாற்ற முடிந்த பனல்களில் வெப்பவகையை எடுத்துவிட்டு ஹைட்ரோலிக்-காந்தவகை கொண்டுவந்தோம். அதில் ஈருலோகத் தகடு இல்லை, எண்ணெய்க்குள் அசைகிற இரும்புத் தண்டை மின்னோட்டத்தின் காந்தமே இழுக்கிறது. அறை சூடானால் விழுவதற்கு எடுக்கும் நேரம் சற்று மாறும், தாங்குகிற அம்பியர் மாறாது. விலை அதிகம். எங்கள் கடற்கரைக்கு அந்த விலை தகும்.

கேபிளின் தடிப்பையும் அந்த வருடம்தான் புதிதாகப் பார்க்கத் தொடங்கினோம். 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் 10 மீற்றர் தூரம், போய்வர 20 மீற்றர், 40 அம்பியர் ஓடினால் வழியில் இழப்பது ஏறத்தாழ 0.9 வோல்ற். 54 இருக்கும்போது யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பற்றரியைக் காப்பதற்காக இணைப்பைத் துண்டிக்கிற கருவி 43 வோல்ற் அளவில் காத்திருக்கும். 44க்கு இறங்கிய நேரத்தில் உபகரணத்துக்குப் போய்ச் சேருவது அந்த 43தான், அது துண்டிப்புக்கு முன்பே தானாக நின்றுவிடலாம். 35 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.4. ஒரு மின்வெட்டின் முடிவில் இன்னும் சில நிமிடம் ஊர் பேசலாம். அம்புலன்ஸைக் கூப்பிட அந்த நிமிடங்கள் போதும்.

சீனக்குடாவில் உப்போடு சீமெந்துத் தூசியும் உண்டு, மில் பக்கம் மாத்தூசியும். அந்த அறைகளுக்குக் காற்றை இழுக்கிற விசிறியைவிட மூடிய குளிரூட்டல் நல்லது என்பது என் முடிவு. வடிகட்டியை மாற்ற யாரும் ஒழுங்காக வருவதில்லை. கேபிள் நுழைகிற துளைகளை மூடுவதில் எறும்பும் பல்லியும் மழையும் ஒரே பாடத்தையே சொல்லித்தரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, மேலிருந்து மழை வராத அறைகளில் பக்கவாட்டில் துளைவழியாக வந்தது. கேபிள் உள்ளே நுழையுமுன் ஒரு வளைவு கீழ்நோக்கித் தொங்க வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

2004 டிசம்பர் 26இன் சுனாமியைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. கிண்ணியாவும் மூதூரும் இழந்த உயிர்களுக்கு முன்னால் ஒரு பனல் என்ன? தொழில் சார்ந்து ஒன்றை மட்டும் பதிவுசெய்கிறேன். கடல் புகுந்து வடிந்த ஓர் அறையில் பிரேக்கர்கள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தன. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி போடலாம் என்று உரியவர்கள் கேட்டார்கள். சாமான் தட்டுப்பாடான நேரம், கேட்டதில் தவறில்லை. ஃபோர்மன் ஐயா ஒன்றைப் பிளந்து காட்டினார். உள்ளே சுருளிலும் வில்லிலும் வெள்ளையாக உப்பும் மணலும். அவர் சொன்னது: "இது மூடும் தம்பி. திறக்கவேண்டிய நேரம் திறக்குமோ எண்டு ஆர் பொறுப்பேற்கிறது?" அத்தனையையும் வீசினோம். கடல்நீரில் மூழ்கிய பிரேக்கரை மறுபடி பாவிக்கக் கூடாது என்பதைப் பிற்பாடு தயாரிப்பாளர்களின் கைநூல்களில் வாசித்தேன். அவர் அதைக் கத்தி முனையில் காட்டிவிட்டிருந்தார்.

எர்த் விடயத்தில் துறைமுகத்தின் பாறை எங்களைச் சோதிக்கும். மார்கழியில் நிலம் ஊறிக் கிடக்கும்போது எர்த் தடையை அளந்தால் யாரும் தேறிவிடலாம். ஓகஸ்ட்டில் அதே தண்டு பன்மடங்கு தடை காட்டும். மின்னலோடு முதல் மழை வருவதும் அந்தக் காய்ந்த நிலத்தின் மேல்தான். ஆகவே எர்த்தை ஓகஸ்ட்டிலும், கசிவையும் பச்சைபிடிப்பையும் கார்த்திகையிலும், பிரேக்கர் சுமையைப் பற்றரி வடிந்த நிலையிலும் அளக்க வேண்டும். ஒப்பந்தங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை பராமரிப்பு என்று சொல்லும், எந்த மாதம் என்று சொல்வதில்லை. நான் மாதத்தை எழுதச் சொல்லி வாதாடுவேன்.

இப்போது வீடுகளின் கூரையிலும் சூரியத் தகடு வந்துவிட்டது. சம்பூரில் 120 மெகாவொட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது. அதாவது, எங்கள் அறைகளுக்குள் மட்டும் இருந்த டிசி தெருவுக்கு வந்திருக்கிறது, அதுவும் 48 இல்லை, பல நூறு வோல்ற். ஏசி மின்னோட்டம் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடும், பொறி அணைய அது இடம் கொடுக்கும். டிசி பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. சில ஏசி பிரேக்கர்களைத் தயாரிப்பாளரே ஒரு முனைக்கு 48 அல்லது 60 வோல்ற் டிசி வரை அனுமதிக்கிறார். அப்போதும் காந்தம் இழுக்கிற அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும் என்று தாளில் எழுதியிருப்பார். அந்த வரி தாளில் இல்லையென்றால் அதை டிசியில் போடவே கூடாது. டிசி பிரேக்கர் சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். உள்ளே இருக்கிற காந்தம் பொறியை ஒரு திசையில் தள்ளி அணைக்கிறது, கம்பியைத் திருப்பிப் பூட்டினால் பொறியை உள்ளுக்கே இழுத்துவிடும். நகரில் கடைக்காரர்கள் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த பொடியன்கள் என்னிடம் வந்தால், பிரேக்கரின் பக்கவாட்டில் அச்சடித்த சிறிய எழுத்தை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். வாசித்தபின், அதை எந்தப் பக்கம் பூட்டுவாய் என்று கேட்கிறேன்.

பனல் கதவின் உட்புறத்தில் நான் ஒட்டுகிற தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பிரேக்கரும் எதற்கு என்று இருக்கும். அதன் பக்கத்தில் மூன்று எண்: 54 வோல்ற்றில் அளந்த அம்பியர், 44க்குக் கணக்கிட்ட அம்பியர், கேபிளின் தடிப்பு. கீழே காவலாளிக்கு இரண்டு வரி. விழுந்த பிரேக்கரைத் தூக்குமுன் நேரத்தைக் குறிக்கவும். கைப்பிடி நடுவில் நிற்கிறதா, முழுதாகக் கீழே இருக்கிறதா என்று தொலைபேசியில் சொல்லவும். நடுவில் நின்றால் தானாக விழுந்தது, கீழே இருந்தால் யாரோ கையால் இறக்கியது என்று எங்கள் அறைகளில் இருக்கிற வகைகளில் அறியலாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் வாகனத்தில் எந்தச் சாமானை ஏற்றுவது என்று முடிவுசெய்வேன்.